எண் சரி, திசை எங்கே?

"எண் சரி மாமா. அப்படியும் மார்க்கை வெட்டிட்டாங்க."

போன சனிக்கிழமை காலை, பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் மோட்டாரோடு வந்து இறங்கிய என் அக்கா மகன், வீட்டுக்குள் நுழைந்த கையோடு சொன்ன முதல் வார்த்தை இது. படிவம் 4 படிக்கிறான். மோட்டார் லைசென்ஸ் எடுத்து ஒரு மாதம்தான் ஆகிறது. தலைக்கவசத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் போட்டான். இயற்பியல் சோதனைத் தாள்.

கேள்வி எளிமையானது. ஒருவர் சைக்கிளில் கிழக்கே 3 கிலோமீட்டர் போகிறார். பிறகு வடக்கே 4 கிலோமீட்டர். மொத்தம் அரை மணி நேரம். அவருடைய சராசரி லாஜு என்ன, சராசரி ஹலாஜு என்ன?

அவன் கணக்கு தப்பில்லை. ஓடிய தூரம் 7 கிலோமீட்டர். அரை மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 14 கிலோமீட்டர். அது லாஜு. புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேர்கோடு போட்டால் 5 கிலோமீட்டர்; பிதாகரஸ் தேற்றம்தான். அதை அரை மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 10 கிலோமீட்டர். அதுவரை சரியாகப் போட்டு, கீழே கோடும் கிழித்திருந்தான். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் மலாயில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: "திசை?"

"ஒரு மார்க்குக்காகவா இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" என்றேன்.

"ஒரு மார்க் இல்ல மாமா. இது மாதிரி ஒவ்வொரு கேள்விக்கும் போகுது. எனக்கு இந்தப் பாடம் ஒத்து வராது. அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க. வணிகம் எடுத்துக்கிறேன்."

விஷயம் அதுதான். சோதனைத் தாளைக் காட்ட அவன் கடல் தாண்டி வரவில்லை. தூது போக ஆள் தேடி வந்திருக்கிறான்.

பேச்சை மாற்றுவோம் என்று, "ஜெட்டியிலேர்ந்து எப்படிடா இவ்வளவு சீக்கிரம் வந்த?" என்று கேட்டேன்.

"பின்னாடி சந்து வழியா மாமா. ஒன் வேதான். எதிர்ல கொஞ்ச தூரம்தான். மெதுவாத்தான் வந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. முதலில் பசியாறட்டும்.

நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் 'வேகம்' என்று படிக்கிறார்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் 'லாஜு', 'ஹலாஜு' என்று இரண்டாகப் பிரிகிறது. வீட்டில் கைப்பேசியைத் திறந்து விளக்கம் தேடினால் ஆங்கிலத்தில் 'ஸ்பீட்', 'வெலாசிட்டி'. மூன்று மொழி, ஆறு சொல். எல்லாம் ஒன்றுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

உண்மையில், ஆங்கிலத்தில் மட்டும் படிக்கிற பிள்ளையைவிட நம் பிள்ளைக்குத்தான் இது எளிது. 'வெலாசிட்டி' என்ற சொல்லை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அதில் திசை என்ற பொருள் வெளியே தெரியாது. மலாயில் பாருங்கள்: ஹலா என்றால் திசை, லாஜு என்றால் வேகம். இரண்டும் சேர்ந்து ஹலாஜு. தமிழில் இன்னும் வெளிப்படை: திசைவேகம். விடை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. திசை சொல்லாமல் திசைவேகம் எழுதுவது, கடிதத்தை எழுதி உறையில் போட்டுவிட்டு முகவரி எழுதாமல் தபாலில் சேர்ப்பது மாதிரி.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தமிழ் விளக்கம் தேடும் பிள்ளைகள், அது எந்த நாட்டுத் தமிழ் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூலில் ஸ்பீட் என்பது வேகம்; வெலாசிட்டி என்பது திசைவேகம். இலங்கைப் பாடநூலில் ஸ்பீட் என்பது கதி, வெலாசிட்டிதான் வேகம். ஒரே சொல், இரண்டு கரையில் இரண்டு பொருள். தெரியாமல் கலந்து படித்தால் குழப்பம் நிச்சயம்.

இதையெல்லாம் சொன்னபோது அவன் தலையாட்டினான். தலையாட்டல் வேறு, புரிதல் வேறு என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் நானும் அப்படித் தலையாட்டித்தான் எஸ்.பி.எம். தேறினேன். 'ஒன்றுக்கு அளவு மட்டும், மற்றொன்றுக்கு அளவும் திசையும்' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். புரிந்தது வேலைக்குப் போன பிறகுதான்.

என் முதல் வேலை ஒரு தொழிற்சாலையில். பெட்டிகளை நகர்த்தும் கன்வேயர் ஒன்றுக்குப் புது மோட்டார் மாட்டும் பொறுப்பு எனக்கு. நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓட வேண்டும். கருவியை வைத்து அளந்தேன். அச்சு அசலாக 1,440. பெருமையோடு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, பெட்டிகளை ஏற்றிச் சுவிட்சைப் போட்டேன். பெல்ட் பின்பக்கமாக ஓடியது. வரிசையாக ஏழெட்டுப் பெட்டிகள் தரையில் கொட்டின. மும்முனை மின்சாரத்தில் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுத்துவிட்டால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். நான் மாற்றிக் கொடுத்திருந்தேன். அன்று மேற்பார்வையாளர் திட்டவில்லை. "எண் சரியாத்தான் இருக்கு தம்பி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தான். பரவாயில்லை, சிரித்தால் பாதி வேலை முடிந்தது.

மதியம் அக்கா வீட்டுக்கு நானும் வருவதாகச் சொல்லி அவன் மோட்டாரில் பின்னால் ஏறிக்கொண்டேன். தெருமுனைக்கு வந்ததும் பழக்கமாக அந்தச் சந்துப் பக்கம் திருப்பினான்.

"நிறுத்து" என்றேன்.

"மாமா, நூத்தம்பது மீட்டர்தான். சுத்திப் போனா ஒரு கிலோமீட்டர் ஆகும். நான் இருபதுலதான் போவேன்."

ஜார்ஜ்டவுனில் வாழ்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பழைய நகரத்தின் ஒடுங்கிய தெருக்கள், ஐந்தடிக் கடைவீதிகள், அதில் பாதி ஒருவழிப்பாதை. கண்ணுக்கு எதிரே தெரிகிற கடைக்கு மூன்று தெரு சுற்றித்தான் போக வேண்டும். பொறுமை போகிறவர்கள் மோட்டாரை எதிர்ப்பக்கம் விட்டுவிடுகிறார்கள். எல்லாரும் சொல்கிற நியாயம் ஒன்றுதான்: "மெதுவாத்தான் போறேன்."

ஓரமாக நிறுத்தச் சொல்லி, அங்கேயே கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

நீ மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறாய். ஒரு கார் 40 கிலோமீட்டரில் வருகிறது. இரண்டுக்கும் இடையில் 30 மீட்டர். முதலில், இரண்டும் ஒரே திசையில் போவதாக வைத்துக்கொள். கார் உனக்குப் பின்னால் வருகிறது. கார் உன்னை நெருங்குகிற வேகம் 40 கழித்தல் 20, அதாவது 20. விநாடிக்கு ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். 30 மீட்டரைக் கடக்க ஐந்து விநாடிக்கு மேல் ஆகும். ஓட்டுநர் பார்த்து, பிரேக் போட்டு, முறைத்துவிட்டும் போகலாம்.

இப்போது உன் மோட்டாரை மட்டும் திருப்பு. அதே 20. அதே 40. அதே 30 மீட்டர். ஆனால் எதிரெதிர். நெருங்குகிற வேகம் 40 கூட்டல் 20, அதாவது 60. விநாடிக்கு ஏறத்தாழ பதினேழு மீட்டர். மிஞ்சுவது 1.8 விநாடி. ஓட்டுநர் உன்னைப் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்கவே ஒரு விநாடிக்கு மேல் போய்விடும். அதுவும் ஒருவழிப்பாதை என்பதால் அவர் உன்னை எதிர்பார்க்கவே மாட்டார்.

இரண்டு கணக்கிலும் உன் மீட்டர் முள் 20-இல்தான் நிற்கிறது. மீட்டருக்குத் திசை தெரியாது. அது லாஜுவை மட்டும்தான் காட்டும். மோதினால் விழுகிற அடி எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதும் நெருங்குகிற வேகத்தைப் பொறுத்ததுதான். மெதுவாகப் போனேன் என்று நீ சொல்வது உண்மை. ஆனால் அது பாதி விடை. உன் ஆசிரியர் சிவப்பு மையில் கேட்டாரே, அதே கேள்விதான் இங்கேயும். அங்கே போனது ஒரு மார்க்.

அவன் ஒன்றும் பேசவில்லை. மோட்டாரைத் திருப்பினான். ஒரு கிலோமீட்டர் சுற்றிப் படகுத்துறைக்குப் போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஃபெரி கண் முன்னால் புறப்பட்டுவிட்டது.

"பாத்தீங்களா மாமா" என்றான்.

"பாத்தேன். அடுத்தது வரும்."

காத்திருந்த நேரம் வீணாகவில்லை. எதிர்க்கரை தெரிகிறது. நேராகக் கடந்தால் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். பினாங்கிலிருந்து பெருநிலம் கிழக்கே இருக்கிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். வரைபடத்தைத் திறந்து பாருங்கள், பட்டர்வொர்த் படகுத்துறை நமக்குத் தென்கிழக்கில் இருக்கிறது. அங்கிருந்து இங்கே வரும் ஃபெரியின் திசை வடமேற்கு.

"சரி, பட்டர்வொர்த்திலிருந்து இங்க வர எது வேகம்? பாலமா, ஃபெரியா?" என்று கேட்டேன்.

"பாலம்தான். கார் எவ்வளவு வேகமாப் போகும், ஃபெரி எங்க போகும்!"

பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். 1985-இல் திறந்தார்கள். படகுத்துறையிலிருந்து படகுத்துறைக்குப் பாலம் வழியாகச் சுற்றினால் 20 கிலோமீட்டருக்கு மேல் வரும். கணக்குக்கு 20 என்றே வைத்துக்கொள்வோம். நெரிசல் இல்லாமல் அரை மணி நேரம். சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். ஃபெரி 3 கிலோமீட்டரைக் கால் மணி நேரத்தில் கடப்பதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 12 கிலோமீட்டர். வேகத்தில் பாலமே முன்னால்.

இப்போது திசைவேகம். கார் எவ்வளவு சுற்றினாலும், இடப்பெயர்ச்சி அதே 3 கிலோமீட்டர்தான். அதை அரை மணி நேரத்தால் வகுத்தால், வடமேற்கு நோக்கி மணிக்கு 6 கிலோமீட்டர். ஃபெரிக்கு வடமேற்கு நோக்கி மணிக்கு 12 கிலோமீட்டர். வேகத்தில் மூன்று மடங்குக்கும் மேல் முன்னால் நின்ற கார், திசைவேகத்தில் ஃபெரிக்குப் பாதிதான்!

அவன் கைப்பேசியில் இரண்டு முறை தட்டிப் பார்த்தான். "அட, ஆமா லா" என்றான்.

திசையைக் கணக்கில் எடுத்துக்கொள்வது இயற்பியல் மட்டுமல்ல. பாலத்தில் டோல்கூடப் பெருநிலத்திலிருந்து தீவுக்கு வரும்போதுதான் வாங்குகிறார்கள். திரும்பிப் போகும்போது கிடையாது. அதே பாலம், அதே கார், அதே வேகம். திசை மட்டும் வேறு.

அடுத்த ஃபெரி வந்தது. 2023 ஆகஸ்டிலிருந்து ஓடுகிற புது ஃபெரிகளில் ஒன்று. கார் ஏறாது, ஆளும் மோட்டாரும் சைக்கிளும் மட்டும். நடுக்கடலுக்கு வந்ததும் தண்ணீரைக் காட்டினேன். இந்த நீரிணையில் ஏற்றவற்றத்துக்கு ஏற்ப நீரோட்டம் கரையோரமாக ஒரு பக்கம் ஓடும். பிறகு எதிர்ப்பக்கம் திரும்பும். ஃபெரியோ குறுக்கே போகிறது. நீரோட்டம் மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கால் மணி நேரத்தில் அது படகை 750 மீட்டர் பக்கவாட்டில் தள்ளிவிடும். படகுத்துறையைப் பார்த்து நேராக ஓட்டினால், படகுத்துறையைத் தவிர வேறு எங்காவதுதான் போய்ச் சேரலாம். அதனால் கப்பலோட்டி முகப்பை நீரோட்டத்துக்கு எதிராகக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கிறார். அவர் போடுகிற கூட்டல்தான் படிவம் 4 பாடத்தில் அம்புக்குறி போட்டுச் செய்கிற கூட்டல். வேகத்தை வேகத்தோடு சும்மா கூட்டலாம். திசைவேகத்தை அம்புக்குறியோடுதான் கூட்ட முடியும்.

நம் முன்னோர்களுக்கு இது அத்துப்படி. பாய்மரக் காலத்தில் சோழமண்டலக் கரைக்கும் கடாரத்துக்கும் இடையே கப்பல் விட்டவர்கள், காற்று எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. தென்மேற்கிலிருந்து அடிக்கும் பருவத்தில் கிழக்கே வந்தார்கள். வடகிழக்கிலிருந்து அடிக்கும் பருவத்தில் திரும்பினார்கள். திசையின் பெயரையே பருவத்துக்கு வைத்தார்கள். இன்றும் நாம் அப்படித்தான் சொல்கிறோம்.

இன்னொரு சந்தேகம் கேட்டான். "சில கேள்வியில ஹலாஜு மைனஸ்ல வருது மாமா. வேகம் எப்படி மைனஸா இருக்கும்?"

நல்ல கேள்வி. வேகம் மைனஸாக இருக்க முடியாது. திசைவேகம் இருக்கலாம். அதற்குக் கொடிமலை ரயிலைப் பாருங்கள். 1923-இல் ஓடத் தொடங்கியபோது நடுவில் இறங்கி வண்டி மாற வேண்டும். மேலே போக அரை மணி நேரம் பிடிக்கும். 2011-இல் வந்த புது ரயில் சுமார் 2 கிலோமீட்டர் தண்டவாளத்தில் நேரே ஏறுகிறது. அதிகபட்சம் விநாடிக்கு 10 மீட்டர். இதில் இரண்டு பெட்டிகள் ஒரே கம்பிவடத்தால் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். ஒன்றின் எடை மற்றதற்குத் துணை. இரண்டும் நடுவழியில் ஒன்றையொன்று கடக்கும்.

கம்பிவடம் ஒன்றே என்பதால், எந்த நொடியிலும் இரண்டின் வேகமும் ஒன்றுதான். ஆனால் மேலே போவதைப் பிளஸ் என்று நாம் வைத்துக்கொண்டால், ஏறும் பெட்டியின் திசைவேகம் பிளஸ் 10, இறங்கும் பெட்டியினுடையது மைனஸ் 10. மைனஸ் என்றால் குறைவு என்று பொருள் இல்லை. எதிர்த்திசை, அவ்வளவுதான். இறங்கும் பெட்டியில் இருப்பவர் மெதுவாகப் போவதாக யாராவது சொல்வார்களா?

தைப்பூசத் தேரையும் இதே கண்ணால் பார்க்கலாம். பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து அதிகாலையில் புறப்படும் வெள்ளி ரதம், தண்ணீர்மலைப் பக்கம் போய்ச் சேர இரவாகிவிடும். நேர்கோட்டில் பார்த்தால் ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான். வழியெல்லாம் நின்று, தேங்காய் உடைத்து, அர்ச்சனை வாங்கிப் போகிறது. தைப்பூசம் முடிந்து தேர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். போக வர மொத்தக் கணக்கில் இடப்பெயர்ச்சி சுழியம். சராசரித் திசைவேகமும் சுழியம். அதற்காகத் தேர் நகரவே இல்லை என்று ஆகிவிடாது. ஓடிய தூரம் இருக்கிறது, சராசரி வேகம் இருக்கிறது. எந்தக் கேள்விக்கு எந்த அளவு என்று தெரிந்து எடுப்பதுதான் பாடம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை 'இந்தப் பாடம் எனக்கு வராது' என்று சொன்னால், தாளை வாங்கி எங்கே மார்க் போகிறது என்று ஒரு முறை பாருங்கள். பல நேரம் பாடம் முழுவதும் போயிருக்காது. ஒரு சொல் போயிருக்கும். வீட்டிலேயே பயிற்சி கொடுக்கலாம். வீட்டிலிருந்து பள்ளிக்கு எவ்வளவு தூரம்? நேர்கோட்டில் எவ்வளவு? எந்தப் பக்கம்? இந்த மூன்று கேள்வி போதும். வரைபடம் கைப்பேசியில் இருக்கிறது. விடை எழுதும்போது எண், அலகு, திசை மூன்றும் இருக்கிறதா என்று விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த்தில் இறங்கும் முன், அந்தச் சோதனைத் தாளை எடுத்து என் முதுகில் வைத்தே எழுதினான். மணிக்கு 10 கிலோமீட்டர், கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி 53 பாகை. போன மார்க் திரும்பி வராது என்று அவனுக்கும் தெரியும். இருந்தாலும் எழுதினான்.

வணிகம் எடுப்பதைப் பற்றி அக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அரையாண்டுச் சோதனை வரை பார்க்கலாம் என்று இருக்கிறோம்.

நேற்று முன்தினம் மறுபடி வீட்டுக்கு வந்தான். "ஏன்டா லேட்டு?" என்றேன்.

"சுத்தி வந்தேன் மாமா" என்றான்.